கறிவேப்பிலைக்கு மீன்தொட்டித் தண்ணீர்

எழுபதுகளில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் இருந்தன. துறைமுகத்தில் மூட்டை எண்ணிவிட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. "அண்ணாச்சி, குழம்பு எப்ப?" என்று பக்கத்து வீட்டுக்காரர் தினமும் கேட்பார்.

என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. தெருக்குழாயில் வரிசையில் நின்று நல்ல தண்ணீர் சுமப்பவள் அவள். "ஊரே மீனைத் திங்குது, நான் மீனுக்குத் தண்ணி சுமக்கேன். ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வாரான். தொட்டியத் தூக்கிக் குடுத்திருவேன்" என்றாள். சொன்னால் செய்வாள்.

எனக்கிருந்த ஒரே துணை கொல்லையில் நின்ற கறிவேப்பிலை. அந்த உப்பு மணலில் அவள் வைத்த கன்றெல்லாம் கருகிப் போயிருந்தது. இதன் தூரில் மட்டும், மீன் கழிவும் பாசியுமாய்ப் பச்சை பிடித்த பழைய தண்ணீரை வாராவாரம் ஊற்றிவந்தேன். இடுப்பளவு தழைத்துவிட்டது.

"பாத்தியா, மீன் போட்ட உரம்!"

"நான் ஊத்துத அரிசி கழுவுன தண்ணி" என்றாள் அவள், கையில் ஒரு கொத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் தருவைகுளத்திலிருந்து வந்தார். கையில் ஒரு குடம் கடல் தண்ணீர். தங்கை வீட்டு மீனுக்குச் சீர்!

"நல்ல தண்ணியில எம்புட்டு நாள்தான் கிடக்கும் மச்சான், பாவம்லா" என்றவர், தண்ணீர் மாற்ற நான் பாதி இறைத்து வைத்திருந்த தொட்டியில், தடுப்பதற்குள் கவிழ்த்துவிட்டார். பிறந்ததிலிருந்து கடல் மீனையே பார்த்த மனிதர். அவருடைய இரக்கம் அப்படித்தான் இருக்கும்.

மீன்கள் சாய்ந்து வாயைப் பிளந்தன. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அடுக்களையிலிருந்து ஓடிவந்த மனைவி நான்கையும் கையால் அள்ளி, குடிக்க வைத்திருந்த மண்பானைக்குள் விட்டாள். காலையில் குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீர் அது. கொஞ்ச நேரத்தில் வால்கள் ஆடின.

மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. தொட்டித் தண்ணீரை வாளியில் முகந்து கொல்லைக்கு நடந்தார். "செடிக்காவது ஊத்துதேன்."

"ஏ அண்ணே! அதுல உப்பு கிடக்கு. தெருவுல கொட்டு. மீன் தண்ணி குடிச்சு வளந்த செடி, செத்துரும்!"

சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். நான் பானைக்குள் குனிந்து மீன்களை எண்ணினேன்.

"அப்ப தொட்டிய நான் கொண்டுபோகவா?" என்றார் மச்சான்.

"கழுவி அங்கனயே வையி."

மதியச் சாப்பாட்டுக்குக் குடிதண்ணீர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"உங்க பானைத் தண்ணி என்னாச்சு?" என்று அவர் கேட்பது சுவர் தாண்டிக் கேட்டது.

"மீன் குளிக்கி, அண்ணாச்சி. ஒரு குடம் தாங்க."