அம்மா ஒட்டிய பை

அக்காவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த வருஷம், ஐப்பசி மழையில் எங்கள் ஊர்த் தரைப்பாலம் முங்கிப்போனது. வெளியே போக வெம்பக்கோட்டை அணைத் தண்ணீரைத்தான் தாண்ட வேண்டும். அக்கா விருதுநகரில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். அவளுடைய சான்றிதழ்களோ எங்கள் டிரங்குப் பெட்டியில். மறுநாள் காலைக்குள் அசலைக் காட்டாவிட்டால் இடம் போய்விடும். பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்ட புத்திசாலிகள் நாங்கள்.

லாரி ட்யூப் இரண்டைக் கட்டிப் பலகை போட்டு மீன் பிடிக்கிறவர் ஒருவர், அப்பாவை அக்கரை சேர்க்க ஒத்துக்கொண்டார். காகிதம் நனையக் கூடாதே. அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை. கனத்த பாலித்தீன் தாளை மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் பிளேடைக் காய்ச்சி ஓரங்களை ஒட்டினாள். தொட்டித் தண்ணீரில் முக்கியும் பார்த்தாள். பிறகு சான்றிதழ்கள், செல்போன், அக்காவின் விடுதிப் பெட்டிக்கு வாங்கிய பெரிய பூட்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்து, பையின்மேல் முழங்காலை ஊன்றிக் காற்று மொத்தத்தையும் வெளியேற்றினாள்.

“கொஞ்சம் காத்துதான் கெடக்கட்டுமே புள்ள,” என்றார் அப்பா.

“காத்து இருந்தா ஈரம் கோத்துக்கிடும். நமுத்த வெடி வெடிக்குமா?”

“சர்டிபிகேட்ட வெடிக்கவா கொண்டு போறேன்?” என்று சிரித்தார் அப்பா. அம்மா விடவில்லை, அமுக்கித்தான் வாயை ஒட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலம் மீன்காரர் மட்டும் நனைந்துபோய் வந்து நின்றார்.

“ட்யூப் மெதவ சாஞ்சு பை விழுந்துருச்சு மதினி. மெதக்கும், எடுத்துக்கிடலாம்னு பாத்தேன். கல்லு மாதிரி உள்ள போயிருச்சு. அண்ணன் அது பின்னாலயே முங்குனாரு.”

மறுநாள் மதியம் அப்பாவைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பை அவர் கையிலேயே இருந்தது. உள்ளூர்ப் பெரியப்பா ஒருவர் அதன் வாயைக் கீறிச் சான்றிதழ்களை எடுத்தார். அவற்றைக் காட்ட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. ஆனால் ஒன்றுகூட நனையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“எம்மா, ஒரு சொட்டு எறங்கல,” என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா அழவில்லை. வெறும் பையை வாங்கி, வாயில் வைத்து ஊதினாள். பை உப்பியதும் இறுக்கிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். காற்று இறங்க இறங்க மறுபடியும் ஊதினாள். அப்பா இப்படிக் கிடக்கும்போது அம்மாவுக்கு என்ன விளையாட்டு என்று எனக்குக் கோபம் வந்தது.