எடுத்து வைக்காத ஒரு பிடி

பிள்ளைகளா, உங்கள் அப்பா செய்த ஒரு தவறையும், அதை மறைப்பதற்காகச் சொன்ன பொய்யையும் நீங்கள் என் வாயாலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருடம், காய் வரத்து மும்முரமாக இருந்த நேரம். போடியில் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில், கடைக்கு வந்த மெயில்கள் எல்லாம் இருந்த பழைய சர்வர் கம்ப்யூட்டரை விட்டு, லினக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் புது சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார் முதலாளி. நான் படித்தது ஐ.டி.ஐ.தான்; மீதியெல்லாம் பார்த்துப் பழகியது.

போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கும் அண்ணன் ஒருவர் வாரம் ஒருமுறை லோடு ஜீப்பில் இறங்குவார். மலையில் சிக்னல் கிடையாது. அதனால் வெளிநாட்டிலிருந்த அவருடைய ஒரே மகன் எங்கள் கடைக்குத்தான் மெயில் அனுப்புவான். நான் வாசிப்பேன். "என்னைய மாதிரியே புளுகுறான் பாரு அப்பு" என்று சிரிப்பார். மகன் அங்கே விபத்தில் இறந்த பிறகும் வந்தார். பழைய கடிதங்களையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்று லினக்ஸ் மெஷினைப் பழைய சர்வரோடு இணைத்தேன். நான் போட்ட கட்டளையில், முதலில் எழுதும் மெஷின் எப்படி இருக்கிறதோ அப்படியே இரண்டாவது மெஷினும் ஆகிவிடும். அங்கே கூடுதலாக இருப்பது அழிந்துபோகும். ஜீப்புகள் இறங்குவதற்குள் முடிக்கும் அவசரத்தில், காலியாக இருந்த புது மெஷினை முதலில் எழுதிவிட்டேன். டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. பழையதும் காலி.

வியாபாரக் கடிதங்களை அனுப்பியவர்களிடமே திரும்ப வாங்கிவிட்டோம். அந்தப் பையனிடம் யார் கேட்பது? அவன் கணக்கின் பாஸ்வேர்டு அவனோடு போய்விட்டது. அழிந்ததை மீட்க முடியுமா என்று டிஸ்க்கை மதுரைக்குக் கொண்டுபோனேன்; அங்கும் கையை விரித்துவிட்டார்கள்.

ஒரு மூட்டையைப் பக்கத்து அறைக்கு மாற்றுவதானாலும், முதலில் ஒரு பிடி சாம்பிள் எடுத்து, கவரில் போட்டு, பெயர் எழுதி வைப்பது எங்கள் கடை வழக்கம். ஏலக்காய்க்குத் தவறாமல் செய்ததை அந்தக் கடிதங்களுக்கு நான் செய்யவில்லை; ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

அண்ணன் வந்தார். "புது மெஷின்ல ஏறிக்கிட்டிருக்குண்ணே" என்றேன்.

"மெதுவா ஏறட்டும் அப்பு. அடுத்த லோடுக்கு வர்றேன்."

அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

கழற்றிய செருப்பை அவர் திரும்ப மாட்டிக்கொண்டார். "போனது போச்சு. அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல? மூணு வாரமா இன்னைக்கு வாசிப்ப, இன்னைக்கு வாசிப்பன்னு எறங்கி வந்தேனே அப்பு."

அதன் பிறகு அவர் இறங்கவில்லை. லோடு மட்டும் வருகிறது.

அழித்தது கைத்தவறு, அவரை மூன்று வாரம் காக்க வைத்தது நான். அந்த வித்தியாசம் இன்றும் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

அவரிடம் உண்மையைச் சொன்ன அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஒரு சாம்பிள் கவரை எடுத்து அந்தப் பையனின் பெயரை எழுதினேன். உள்ளே வைக்க ஒன்றுமில்லை. கவரின் வாயை ஒட்டி, என் மேஜை டிராயரில் வைத்தேன்.