புதிதாகக் குடிவந்தவர்

மக்கள் எந்த ஊரிலிருந்து எங்கே குடிபெயர்கிறார்கள் என்று கணக்கெடுக்க, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தேன்.

"மகன் போன மாசம்தான் தெலுக் பங்லிமா காராங்லேர்ந்து வந்துட்டான்," என்றார் ஒரு பெரியவர்.

"அவர்கிட்டயே கேக்கணும் அங்கிள். கூப்பிடுங்களேன்."

"உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கான். கேளுங்க லா."

சோபாவில் என்னைத் தவிர யாருமில்லை. அவர் மனைவி எனக்கொரு தேநீரும், என் பக்கத்துக் காலியிடத்துக்கு எதிரே இன்னொன்றும் வைத்தார். வேறு வழி தெரியாமல், "ஏன் இங்க வந்தீங்க?" என்று அந்த இடத்தைப் பார்த்துக் கேட்டேன்.

பெரியவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அங்க தனியா இருக்க பயமா இருந்துச்சாம்."

நான் கிளம்பியபோது அவர் மனைவிதான் வாசல்வரை வந்தார். "அங்க பேக்டரி விபத்துல போயிட்டான்மா. வந்தவங்கள்ல நீங்கதான் அவன்கிட்ட பேசினீங்க."

அந்த வீட்டில் இருவர் என்றே பதிந்தேன். மீதி வீடுகளுக்கு வேறொருவரை அனுப்பும்படி அலுவலகத்தில் சொல்லிவிட்டேன்.