பின்னால் இருந்த பென்டிரைவ்

போடியில் ஏலக்காய்க் கடை நடத்தும் செல்வியக்காவின் கணினி அன்று காலை திறக்கவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு ஏலம், ஆத்தா. யாரு காய் எந்த மூடையிலன்னு இதுலதான் இருக்கு. வெரசா பாரு" என்றார், பழுது பார்க்க வந்த என்னிடம்.

பழுது பார்க்கப் போனால் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். இணைத்திருப்பதையெல்லாம் கழற்று என்பது அதில் முதல் வரி. பிரின்டரையும் எடை மெஷினையும் கழற்றினேன். காய் பொறுக்கும் பெண்கள் பாட்டுக் கேட்க முன்பக்கம் செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கி, "கண்ட குச்சியெல்லாம் சொருகாதீங்க" என்று அவர்களைக் கடிந்தும்கொண்டேன். அப்படியும் திறக்கவில்லை.

"டிஸ்க் போயிருச்சுக்கா. உள்ள இருந்தது கிடைக்கிறது சந்தேகம்தான்."

அக்கா அப்படியே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

காய் பொறுக்கிக்கொண்டிருந்த முத்துமாரி எழுந்து வந்து, கணினியின் பின்புறம் எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, இங்கன ஒரு குச்சி இருக்கே. போன வாரம் நீங்க சொருகுனதுதான?"

என்னுடையதேதான். போன வாரம் வேலை முடிந்ததும் எடுக்க மறந்திருக்கிறேன். அன்றிலிருந்து அணைக்காமலே ஓடிய கணினி, நேற்று கரண்ட் போய் வந்த பிறகு, டிஸ்க்கை விட்டுவிட்டு என் பென்டிரைவிலிருந்து தொடங்கப் பார்த்திருக்கிறது. அதைப் பிடுங்கியதும் ஒரு நிமிடத்தில் திறந்துகொண்டது.

"எங்க பாட்டுக் குச்சியப் போயி வைதீங்களே!" என்று முத்துமாரி சிரித்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

நான் கழற்றியதெல்லாம் அவர்களுடைய பொருள்கள். என் பொருளைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதெல்லாம் முதல் வரிக்கு வந்ததும், என் பையைத் திறந்து என் பென்டிரைவ்களைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கிறேன்.