தலையில்லாத வகுப்பறை

அந்தப் படத்தில் எவருக்கும் தலை இல்லை. முன்வரிசையில் சேலைகள், பின்வரிசையில் சட்டைகள், எல்லாம் கழுத்தோடு முடிந்துவிட்டன. நடுவில் ஓர் ஊதாச் சேலைக்கு முன்னால் கூப்பிய இரண்டு கைகள். இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம், தொளதொளவென்று இறங்கிக் கிடக்கும். கடிகாரம் என் அண்ணனுடையது. கைகள் என் மதினியுடையவை.

அண்ணன் இறந்தபின் மதினி மகளை அழைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஓர் அறை பிடித்து, நர்சரி பள்ளி ஒன்றில் பாடம் நடத்தினாள். பி.எட். முடித்தால்தான் ஜூனுக்குப் பிறகும் வேலை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஊரில் என் அய்யாவும் மதினியின் அண்ணன்மாரும் வேறொன்று பேசி வைத்திருந்தார்கள். வேலை நிலைக்காவிட்டால் முதுகுளத்தூர் பக்கம் மனைவியை இழந்த, நிலபுலம் உள்ள ஒரு சம்சாரிக்கு அவளைக் கட்டிவைப்பது. அவர் பிள்ளையை ஏற்க மாட்டார். பிள்ளை எங்கள் வீட்டோடு இருக்கும். அய்யா கெட்டவர் இல்லை. "அந்தப் புள்ள எத்தன காலத்துக்குத் தனியாக் கெடக்கும்?" என்பதுதான் மதினியைப் பற்றி அவர் கேட்டது. அப்போது அவளுக்கு அஞ்சல்வழி பி.எட். படிப்பின் கடைசி ஆண்டு.

அந்த ஆண்டுதான் பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் வழி வார இறுதி வகுப்பைக் கொண்டுவந்தது. மதினி வகுப்புக்கு வந்த ராமநாதபுரம் மையத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளர். கூரையில் ஒரு டிஷ், அறையில் ஒரு திரை, திரைக்கு மேல் ஒரு காமிரா, மேசைக்கு ஒரு மைக், மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கும் பேட்டரி. உப்புக்காற்றில் டிஷ்ஷின் இணைப்பு முனை கறுத்துப்போகும். வகுப்புக்கு முன் ஏறித் துடைக்க வேண்டும். காமிராவை மட்டும் நான் தொடக்கூடாது. பொருத்த வந்தவர்கள் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்துக்கு அளந்து, திருகுகளுக்கு முத்திரை வைத்துப் போயிருந்தார்கள்.

சென்னையிலிருந்து பேராசிரியர் திரையில் தோன்றி வணக்கம் சொன்னதும் வகுப்பே எழுந்து நிற்கும். ஏர்வாடியிலிருந்தும் அக்காள்மடத்திலிருந்தும் உள்கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள். ஆசிரியர் 'உட்காருங்கள்' என்று சொல்லாமல் உட்கார்ந்து பழகாதவர்கள். இவர்கள் நிற்பது பேராசிரியருக்குத் தெரியாது, அதனால் அவர் சொல்லவும் மாட்டார். பின்வரிசையில் ஒருவர் பக்கத்துக்காரரைச் சீண்டுவார். "ஏலே, ஒங்கப்பன் வந்தாக்கூட எந்திரிக்க மாட்ட. இங்கன என்னலே வெறப்பா நிக்கிற?"

நான்தான் உட்காரச் சொல்லுவேன். ஒருமுறை மதினி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "பொட்டிக்குள்ள இருந்தாலும் வாத்தியாரு வாத்தியாருதாந்தா. கொஞ்சம் பொறு."

எனக்கு அதில் உறுத்தியது ஒன்றுதான்: எழுந்து நிற்கும்போது காமிராவில் முகங்கள் விழவில்லை. உதவி மையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். கோணத்தை மாற்ற அனுமதி கேட்டேன்.

"காமிரா வேலை செய்யுதா மேடம்?"

"செய்யுது சார். எந்திரிச்சு நின்னா முகம் வரல."

"படம் வருதுல்ல?"

"வருது."

"அப்ப இது ரிப்பேர்ல வராது மேடம்."

மறுபடி கூப்பிட்டபோது, புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எழுதி அனுப்பியதற்கும் அதே பதில் வந்தது.

வகுப்பு தொடங்கும் அந்த வணக்கத்தின்போது காமிரா தானாக ஒரு படம் எடுத்துத் தலைமையகத்தில் சேர்க்கிறது என்பதையும், வருகைப் பதிவு எங்கள் கையெழுத்துத் தாள் அல்ல, அந்தப் படம்தான் என்பதையும் எந்த மையத்துக்கும் அவர்கள் சொல்லியிருக்கவில்லை. யாரும் பொய்யாகக் கையெழுத்துப் போட்டுவிடக்கூடாது என்று செய்த ஏற்பாடு. தேர்வு நுழைவுச்சீட்டு எங்கள் மையத்தில் ஒருவருக்கும் வராதபோதுதான் தெரிந்தது.

மதினியும் நானும் பேருந்து ஏறிச் சென்னைக்குப் போனோம். அலுவலர் மரியாதையாக உட்காரவைத்து, கணினியில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஞாயிறு, சனி, ஞாயிறு. எல்லாவற்றிலும் இடுப்புகள், கைகள், பொத்தான்கள். ஓரிடத்தில் மதினி விரல் வைத்தாள்.

"சார், இது நாந்தான். இந்தக் கடியாரத்தப் பாருங்க."

அவர் பார்த்தார். அவள் மணிக்கட்டையும் பார்த்தார். "தெரியுதும்மா. ஆனா முகம் இல்லியே. அடுத்த வருஷம் வகுப்பத் திரும்பக் கேட்டுட்டு எழுதிருங்க." பிறகு அவராகவே அந்தப் படத்தை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தார், மேல்முறையீட்டுக்கு உதவும் என்று. நல்ல மனிதர். அவரால் முடிந்தது அதுதான்.

மற்றவர்கள் அடுத்த ஆண்டு எழுதினார்கள், பெரும்பாலும் தேறினார்கள். வகுப்பில் யாரும் எழுந்திருக்கவில்லை. 'வணக்கத்தின்போது எழ வேண்டாம்' என்று நான் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன். மதினிக்கு அடுத்த ஆண்டு என்ற ஒன்று இல்லை. ஜூனில் பள்ளி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. ஆவணியில் கல்யாணம். புறப்படும்போது கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "புள்ள பெரிசானாக் குடுத்துரு" என்றாள். மேல்முறையீட்டுக்குப் பதில் அதற்குப் பிறகு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் தேர்வெழுத அனுமதிக்கலாமாம். முதுகுளத்தூருக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். மிளகாய்க் களத்தில் நின்றபடி படித்துவிட்டு, மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "அங்கன பசங்களுக்குச் சோறு வடிக்கணும், தாயி. அந்தாளு விடமாட்டாரு." அந்தாளின் முதல் மனைவிக்கு இரண்டு பையன்கள்.

இப்போது நான் மதுரையில் ஒரு கல்லூரிக்கு இணையவழி வகுப்பறைகள் அமைத்துத் தருகிறேன். காமிராக்கள் ஆளைத் தேடித் திரும்புகின்றன. நின்றாலும் உட்கார்ந்தாலும் முகம் விழுகிறது. பிள்ளை என்னோடுதான் இருக்கிறாள், ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மதினி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். போன ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்ததும் பிள்ளை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். செம்பை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"நாலு மணி பஸ்ஸாம்மா, அஞ்சு மணி பஸ்ஸா?"

"நாலு மணிதாந்தா" என்றாள் மதினி. "போயி மாடு கட்டணும்."