சாட்டித் தண்ணீரும் பட்டர் விசுக்கோத்தும்

1. திரும்பி வந்த ரின்

"பிள்ளை, இது விசுக்கோத்தோ கருவாடோ?"

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தேநீர்க்கடை முதலாளி இப்படிக் கேட்டபோது கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடித்த மீதியைச் சோசரின் விளிம்பில் வைத்துவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரை முழுவதுமாகக் குடித்தார்.

நான் வேலணைத் தீவில் என் வீட்டுக் குசினியில் பட்டர் விசுக்கோத்துச் சுட்டு விற்றவள். புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் இப்போதும் என்னிடம் அளவு கேட்கிறார்கள். அளவைச் சொல்லுமுன், அந்த வியாழனிலிருந்து அடுத்த வியாழன் வரையான ஒரு கிழமையைச் சொல்லிவிடுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தகர ரின்னில் அடைத்த வெளிநாட்டுப் பட்டர் கடைகளில் இல்லாமற்போனது. என்னிடமிருந்த கடைசி ரின்னும் முடிந்த பிறகு, ஊர்ப் பாலில் நானே வெண்ணெய் எடுத்து, உப்புச் சேர்த்து, முதன்முறையாகச் சுட்டுக் கொண்டுபோனது அந்த விசுக்கோத்து.

அந்தக் கடையில் காசு மேசைக்கு அருகே வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்று இருந்தது. எட்டு வருடமாக அதில் என் விசுக்கோத்து மட்டுமே இருந்தது. அதைப் பார்த்துத்தான் மற்ற இரண்டு கடைகளும் என்னிடம் வாங்கின. போத்தல் போனால் அவையும் போகும். பிறகு நான் வீட்டில் ஒரு அடுப்பு வைத்திருக்கிறவள், அவ்வளவுதான்.

"ரின் பட்டர் இல்லாட்டில் உது சரிவராது எண்டு எனக்குத் தெரியும்," என்றார் முதலாளி. "பேக்கரிக்காரன் மாஜரின் போட்டு ஒண்டு சுடுறான். பாக்க வடிவு, வாயிலை மெழுகு. எண்டாலும் உப்புக் கரிக்கேல்லை."

"இன்னொருக்கால் சுட்டுக்கொண்டு வாறன், முதலாளி."

"எப்ப?"

"வாற வியாழன்."

"வியாழன் பத்து மணி. அதுக்குப் பிறகு போத்தல் அவன்ரை. பிறகு என்னோடை கோவிக்கக் கூடாது."

நான் கொண்டுபோன விசுக்கோத்து ரின்னிலிருந்து ஒன்றை எடுத்து அவர் முன்னாலேயே கடித்துப் பார்த்தேன். எனக்குச் சரியாகவே இருந்தது. அவர் கேலி செய்ததை விட இதுதான் என்னைப் பயப்படுத்தியது. பரிமாறுகிறவர் எனக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார். குடித்தேன்.

"இதுக்குள்ளை சீனி போட்டிருக்கோ?"

"என்னக்கா, பகிடியோ? தேத்தண்ணிக்கெண்டு கோண்டாவிலிலை இருந்து வண்டியிலை வாற தண்ணி. வெறும் தண்ணி."

எட்டு வருடமாக வியாழக்கிழமைகளில் அந்தக் கடையில் தேநீர் குடித்திருக்கிறேன். வெறும் தண்ணீர் ஒரு நாளும் வாங்கிக் குடித்ததில்லை.

வேலணைக்குத் திரும்பும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல், மடியில் ரின். அந்தத் தண்ணீரின் இனிப்பு இன்னும் வாயில் இருந்தது. பிழை அடுப்பிலும் இல்லை, மாட்டிலும் இல்லை என்று அப்போதுதான் நினைக்கத் தொடங்கினேன்.

2. கொப்பியில் இல்லாத சொல்

வீட்டுக்கு வந்ததும் அளவு எழுதி வைத்த கொப்பியை எடுத்துப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு முன் ஊர்காவற்றுறையில் ஒரு கன்னியர் மடத்துக் குசினியில் வேலை செய்தேன். அங்கே இருந்த பிரெஞ்சு மதர் ஒருவர்தான் இந்த விசுக்கோத்தைச் சொல்லித்தந்தவர். அவருடைய ஊரில் பட்டர் என்றாலே உப்புப் போட்ட பட்டர்தானாம், உப்புக் கல் பல்லில் படுமாம். சீனியும் பட்டரும் ஒன்றாய்க் குழைந்த பிறகு மாவைப் போட்டு விரல் நுனியால் சேர்க்க வேண்டும். நான் வழக்கப்படி அமத்திப் பிசைந்தால், "ரொட்டி இல்லை! ரொட்டி இல்லை!" என்று கையில் தட்டுவார். வெட்டிய வட்டங்களுக்கு மஞ்சட்கரு பூசி, முள்ளுக்கரண்டியால் கோடு கீறுவார்.

மடத்தில் ஐஸ் பெட்டி இருந்தது. என் வீட்டில் இல்லை. எங்கள் வெயிலில் அந்த மா அரை மணித்தியாலத்தில் எண்ணெய் கக்கும். அதனால் மாவை ரின்னில் போட்டு மூடி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே ஒரு மணித்தியாலம் தொங்கினால் வெட்டுகிற பதத்துக்கு வந்துவிடும். மடத்து அவண் அடுப்புக்குப் பதிலாகத் தகரப் பெட்டி, கீழேயும் மேலேயும் சிரட்டைத் தணல். உள்ளே ஒரு கடதாசித் துண்டைப் போட்டு நாற்பது எண்ணுவதற்குள் அது தேயிலைச் சாய நிறத்துக்கு வந்தால் சூடு சரி. இதையெல்லாம் நானே கண்டுபிடித்தேன் என்று அதுவரை கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கொப்பியில் மா, சீனி, பட்டர், மஞ்சட்கரு என்று நாலு வரி. உப்பு என்ற சொல் இல்லை. அது ரின்னோடு வந்தது. இத்தனை வருடமும் நான் சுட்ட விசுக்கோத்துக்கு உப்புப் போட்டது யாரோ ஒரு தொழிற்சாலைக்காரன்.

ரின் பட்டர் இல்லாத இந்த முறை, உப்பை நாக்கால் பார்த்துப் போட்டிருந்தேன். கடைக்குக் கொண்டுபோகுமுன் சரியா என்று மூன்று பேரிடம் கேட்டிருந்தேன்: பால் தருகிற அடுத்த வீட்டுப் பொன்னம்மாக்கா, அவருடைய புருசன், எங்கள் பஸ் கொண்டக்ரர். மூன்று பேரும் திறம் என்றார்கள். மூன்று பேரும் தீவார். என்னைப் போலவே பிறந்த நாள் முதல் உவர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள். நாங்கள் அதை உவர் என்று சொல்வதும் இல்லை. எங்களுக்கு அது தண்ணீர்.

3. விரதம்

வெள்ளிக்கிழமை காலையில் சைக்கிளில் சாட்டிக்குப் போனேன். அங்கே கடற்கரைக்குப் பக்கத்து மணல் தரையில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. இரண்டு பெரிய தண்ணீர்க் கான் நிறைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த வியாழன் வரை குடிப்பது, சோறு காய்ச்சுவது, வாய் கொப்பளிப்பது எல்லாம் அதில்தான். கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, கறிக்கு உப்பும் இல்லை.

பொன்னம்மாக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னடி, கானும் கையுமாய்? உன்ரை கிணத்துக்கு என்ன வந்தது?"

"கிணத்துக்கு ஒண்டுமில்லை அக்கா. என்ரை நாக்கைக் கழுவுறன்."

"விரதமோ? எந்தச் சாமிக்கு?"

"விசுக்கோத்துச் சாமிக்கு."

"அந்தச் சாமி வரம் தந்தாப்போலை சொல்லு, நானும் பிடிக்கிறன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பால் எவ்வளவு வேணும்?"

"ரெண்டு மாட்டுப் பாலும்."

"எடுத்துக்கொண்டு போ. நீ தோத்தால் என்ரை மாடு ரெண்டும் தோத்த மாதிரி. ஊர் சிரிக்கும்."

திங்கட்கிழமை காலையில், திரும்பி வந்த ரின்னைத் திறந்து ஒன்றைக் கடித்தேன். துப்பிவிட்டேன். முதலாளி சொன்னது கேலி இல்லை. கருவாடுதான்.

4. மைப்போத்தல் மூடி

தயிர் புளிக்குமுன் கடைந்து, வெண்ணெயை மூன்று தரம் தண்ணீர் மாற்றிக் கழுவி, மர அகப்பையால் அமத்திக் கடைசித் துளி வரை தண்ணீரை எடுத்தேன். மதர் சொன்னபடி, பல்லில் படுவதற்குக் கொஞ்ச உப்பைக் கல்லாகவே விட்டு, மீதியை இடித்தேன். அளவுக்கு ஒரு மைப்போத்தல் மூடி. ஒரு இறாத்தல் வெண்ணெய்க்கு மூடி நிறைய, முக்கால், அரை, கால் என்று நாலு விதமாகக் கணக்கிட்டுச் செவ்வாய்க்கிழமை நாலு சின்னத் தட்டுச் சுட்டேன். எது எதுவென்று மாறாமலிருக்க முள்ளுக்கரண்டிக் கோடுதான் அடையாளம்: நிறைய மூடிக்கு ஒரு கோடு, கால் மூடிக்கு நாலு கோடு.

ஒரு கோடு உப்பு. இரண்டு கோட்டுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. நாலு கோடு வெறும் இனிப்பு. மூன்று கோட்டைக் கடித்தபோது முதலில் வெண்ணெய் வந்தது, பிறகு சீனி, விழுங்கிய பின்தான் உப்பு. மடத்துக் குசினி ருசி அது. புதன்கிழமை முழுவதும் மூன்று கோடு சுட்டேன்.

வியாழன் காலை பொன்னம்மாக்காவுக்கு ஒன்று கொடுத்தேன். மென்றார், என்னைப் பார்த்தார், மறுபடி மென்றார்.

"சப்பெண்டு கிடக்கடி! உப்புப் போட மறந்து போனியோ? இதையோ கொண்டு போகப்போறாய்?"

"ஓம் அக்கா."

"வேண்டாம். நான் சொல்லுறதைக் கேள். செவ்வாய்க்கிழமை தந்த அந்த ஒரு கோட்டைக் கொண்டு போ. அதுதான் விசுக்கோத்து."

என் நாக்கு ஒரு கிழமை நாக்கு. அவருடையது அறுபது வருட நாக்கு. மனம் தளம்பியது. மூன்று கோட்டு ரின்னோடு, மீதியிருந்த ஒரு கோட்டையும் இன்னொரு ரின்னில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டக்ரருக்கும் இரண்டிலும் ஒவ்வொன்று கொடுத்தேன். "இது திறம் அக்கா," என்று ஒரு கோட்டைக் காட்டினார். "மற்றது ஆஸ்பத்திரி வருத்தக்காரருக்குச் சுட்டதோ?"

யாழ்ப்பாணத்தில் இறங்குமுன் ஒரு கோட்டு ரின்னை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

"என்னக்கா, முழுக்கவோ?"

"முழுக்க. அது உங்களுக்கும் எனக்கும் சுட்டது. கடைக்கு இல்லை."

5. பத்து மணி

பேக்கரிக்காரரின் மட்டைப்பெட்டி ஏற்கெனவே மேசையில் இருந்தது. முதலாளி என் ரின்னிலிருந்து ஒன்றை எடுத்தார். ஒரு கையில் தண்ணீர்க் கிளாசைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கடித்தார். கிளாசைக் கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லும். ரின் பட்டர் ஆரிட்டை எடுத்தனீர்?"

"பொன்னம்மாக்காட்டை."

"அவ ஆர்? கப்பல்காரரோடை பழக்கமோ?"

"ரெண்டு மாடு வைச்சிருக்கிறா."

அவர் கையிலிருந்ததையும் கடித்தார். மட்டைப்பெட்டியைப் பக்கத்தில் தள்ளிவிட்டுப் போத்தல் மூடியைத் திறந்தார்.

மற்றவர் வாய்க்குச் செய்கிறவர்கள் முதலில் தங்கள் வாய் எதில் ஊறியிருக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். நான் படித்தது இவ்வளவுதான். கொப்பியில் ஐந்தாவது வரியாக உப்பு, அரை மூடி என்று எழுதினேன். அடுத்த கிழமையே என் கிணற்றுத் தண்ணீருக்குத் திரும்பிவிட்டேன். நாள்தோறும் சாட்டிக்குச் சைக்கிள் மிதிக்க ஏலாது.

அதனால் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் முதல் தட்டில் முதல் விசுக்கோத்து பொன்னம்மாக்காவுக்கு. "சப்பெண்டு கிடக்கு," என்று அவர் முகத்தைச் சுளித்தால் ரின்னில் அடுக்குவேன். ஒரு நாள் அவர் கண்ணை மூடி மென்றுவிட்டு, "இண்டைக்குத்தான்டி உனக்குச் சுட வந்திருக்கு," என்றார்.

அந்தத் தட்டு பஸ் ஏறவில்லை.