ஆம்ப்ளிபயருக்கு என்ன வயசு?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. காரணம்? ஒரு கிட்டார் ஆம்ப்ளிபயரின் வயது!

என் தங்கை கமலாவை உங்களுக்குத் தெரியும். டீச்சர். கிட்டார் வாசிப்பாள். அவளைப் பற்றி இங்கே எழுதினால் என்னோடு பேசமாட்டாள். பரவாயில்லை... எழுதுகிறேன்.

அவளுக்கு நிச்சயமாகியிருக்கும் லிங்கம், இதே காஜா பெராங் பகுதியில் பல தலைமுறைகளாக இருக்கும் மலாக்கா செட்டி வீட்டுப் பிள்ளை. ரேடியோ கடையில் வேலை. வீட்டில் பேசுவது மலாய். தெரிந்த கொஞ்சம் தமிழும் கமலாவுக்காகக் கற்றுக்கொண்டதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் ஆம்ப்ளிபயரைக் கட்டிக்கொண்டு வந்தான். பளபளக்கும் வார்னிஷ், முன்பக்கம் புதுத் துணி. "புதுசு" என்றான், வெட்கத்தோடு. கமலா கம்பியைத் தட்டியதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அது லேசாக உறுமியது. கமலா ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்றினாள். ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்தில் ஒரு வருஷம் அச்சாகியிருந்தது — அவள் ஆரம்பப் பள்ளியில் படித்த வருஷம்! டிரான்ஸ்பார்மரில் வேறொரு வருஷம். சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்குச் சற்று முந்தியது. வால்வுகள் மட்டும் புத்தம் புதியவை. எதை நம்புவது?

"பழசுன்னா பழசுன்னு சொல்ல வேண்டியதுதானே, அண்ணே? இதுக்கே பொய் சொல்றவரு, நாளைக்கு எதுக்கெல்லாம் சொல்வாரு?"

சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன்.

அவன் வீட்டுக்கே போய் லிங்கத்திடம் நேராகவே கேட்டாள். அவன் முகம் வாடிவிட்டது. தமிழ் கைகொடுக்கவில்லை; மலாய்க்குத் தாவினான்.

"ஸ்பீக்கர் லாமா. டிரான்ஸ்பார்மர் லாமா. ஆம்ப்ளிபயர் பாரு. சாயா புவாட்."

பாகங்கள்தான் பழசு, ஆம்ப்ளிபயர் புதுசு, நானே செய்தேன் என்கிறான். மலாயில் 'பாரு' என்றால் புதுசு. நமக்கோ 'பாரு' என்றால் பார். கமலா பார்த்தாள் — அவன் விரல்களில் ஈயம் சுட்ட தழும்புகளை.

பிறகு கூடத்திலிருந்த பெரிய மர ரேடியோவைத் திருப்பிக் காட்டினான். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கூடு!

வாசலில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ரேடியோ ரிப்பேர், சாமான் வரவேண்டும் என்று மகன் அவரைப் பல வாரமாகச் சமாளித்து வந்திருக்கிறான். அந்த அம்மா கபாயா சட்டையின் முனையைத் திருகியபடி மகனை முறைத்தார். அப்புறம் கமலாவிடம் திரும்பி மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார் — சத்தம் இனிமையாக இருக்கிறதா?

கமலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"நீங்க செஞ்சதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, இன்னும் பெருமையா வாசிச்சிருப்பேன்" என்றாள் லிங்கத்திடம்.

உறுமலுக்குக் காரணம் சரியாகப் பற்றாத ஒரு வயர்தான். இருவரும் சேர்ந்தே சரிசெய்தார்கள்.

அப்படியானால் ஆம்ப்ளிபயரின் வயது? கடைசி வயரைப் பற்றவைத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் கணக்கு என்று கமலா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சரிதானே? நம் நாட்டையே பாருங்கள். மண்ணும் மனிதர்களும் பழசு... நாடு மட்டும் புதுசு.

கல்யாணத்துக்கு முன்பே மருமகளுக்குச் சீர் கொடுத்த மாமியார் மலாக்காவில் இவர் ஒருவராகத்தான் இருக்கும் — தெரியாமல் கொடுத்தார் என்பது வேறு விஷயம்!